எந்த வெர்ஷன் ஓடுகிறது?

2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை திறந்த முதல் முக்கால் மணி நேரத்தில், நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எப்படி இழந்தது என்பதை அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் மறு ஆண்டு வெளியிட்ட உத்தரவு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பங்கு ஆணைகளைச் சந்தைகளுக்குப் பிரித்து அனுப்பும் நிரல் அங்கே எட்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 27 முதல் புதிய நிரலைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஏழு சர்வர்களில் ஏறியது, எட்டாவதில் விட்டுப்போயிற்று. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட 'பவர் பெக்' என்ற பகுதி அந்த எட்டாவது சர்வரில் அழியாமல் கிடந்தது. அதை இயக்குவதற்கு முன்பு இருந்த குறியைத்தான் புதிய நிரல் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அந்தக் குறியோடு ஆணைகள் வர, எட்டாவது சர்வரில் பவர் பெக் விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர்களின் 212 சிறு ஆணைகளுக்காக 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்து முடிந்தன.

அதற்கடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கோளாறைச் சரிசெய்யும் முயற்சியில், புதிய நிரல் ஒழுங்காக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். பழைய பகுதி அந்த ஏழிலும் உயிர்பெற்று, நிலைமை இன்னும் மோசமானது. எட்டு சர்வர்களையும் "உன்னிடம் இப்போது ஓடுவது எந்த வெர்ஷன்?" என்று வரிசையாகக் கேட்டு ஒப்பிட்டிருந்தால், மாறுபட்டு நிற்கும் ஒன்று கண்ணில் பட்டிருக்கும்.

பதிப்பு எண்ணைக் கண்டுபிடிப்பதை உதவி மையத்தில் போன் எடுப்பவர் கேட்கும் முதல் சில்லறைக் கேள்வியாகவே பலரும் நினைக்கிறோம். மெனுவில் 'அறிமுகம்' என்பதை அழுத்தினால் எண் வந்துவிடும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே வருவது நிரல் தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம். அது உண்மையாக இருக்கலாம். பாதி உண்மையாக இருக்கலாம். வேண்டுமென்றே மாற்றிச் சொல்வதாகவும் இருக்கலாம். ஆகவே நிரல் சொல்வது, நிறுவியபோது எழுதப்பட்ட பதிவேடு சொல்வது, இந்த நொடியில் நினைவகத்தில் ஓடுவது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டறிந்தால்தான் வெர்ஷன் தெரிந்ததாக அர்த்தம் என்பது என் வாதம்.

எளிய இடங்களை முதலில் பார்த்துவிடலாம். விண்டோஸில் 'வின்வெர்' என்று தட்டினால் ஒரு சிறு பெட்டி திறந்து, பதிப்பையும் பில்ட் எண்ணையும் காட்டும். ஒரு தனிக் கோப்பின் எண் வேண்டுமென்றால், அதன் மேல் வலது கிளிக் செய்து பண்புகளில் விவரங்கள் தாவலைத் திறக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளின் கடைசியில், போனைப் பற்றிய பக்கத்தில் ஆண்ட்ராய்டு பதிப்பு, பாதுகாப்பு பேட்ச் தேதி, கெர்னல் பதிப்பு, பில்ட் எண் எல்லாம் தனித்தனியாக இருக்கும். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், உதவி, ஆப் தகவல் என்று போக வேண்டும். டெர்மினலில் வேலை செய்பவர்கள் நிரலின் பெயரை எழுதி இரண்டு கோடு போட்டு 'வெர்ஷன்' என்று சேர்ப்பார்கள். இந்த வழக்கத்துக்கு எழுதிவைத்த இலக்கணமே உண்டு. ஒவ்வொரு நிரலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வேறு வேலை எதுவும் பார்க்காமல் நின்றுவிட வேண்டும், முதல் வரியின் கடைசி இடைவெளிக்குப் பிறகு வருவது எண்ணாக இருக்க வேண்டும் என்று குனு திட்டத்தின் நிரல் எழுதும் நெறிகள் சொல்கின்றன. இன்னொரு நிரல் படித்துப் புரிந்துகொள்ளும்படி விதியை எழுதியிருக்கிறார்கள்.

எல்லாரும் அதைப் பின்பற்றவில்லை. சில நிரல்களில் ஒற்றைக் கோடும் சின்ன 'வி'யும் பதிப்பைத் தரும். சிலவற்றில் அதே எழுத்துக்கு 'நடப்பதையெல்லாம் விரிவாகச் சொல்' என்று பொருள், பதிப்புக்குப் பெரிய 'வி' போட வேண்டும். ஜாவாவில் ஒற்றைக் கோட்டோடு கேட்டால் பதில் வழக்கமான வெளியீட்டில் வராமல் பிழைச்செய்திகள் போகும் தடத்தில் வரும். பைத்தான் 2-உம் அப்படித்தான். பதிலைப் பிடித்து ஒரு மாறியில் வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதியவருக்குக் கையில் வெற்றுச் சரம்தான் மிஞ்சும், திரையிலோ எண் கண்முன் தெரியும்.

இவையெல்லாம் பழகிவிட்டால் தீரும் தொல்லைகள். எண்ணே பொய் சொல்லும்போதுதான் சிக்கல் ஆழமாகிறது. விண்டோஸ் 7 தன்னை உள்ளுக்குள் 6.1 என்றுதான் அழைத்துக்கொண்டது. விஸ்டா 6.0. எக்ஸ்பி 5.1. எக்ஸ்பி காலத்து நிரலாளர் பலர் 'முதல் எண் 5-க்குக் குறையக் கூடாது, இரண்டாவது எண் 1-க்குக் குறையக் கூடாது' என்று சோதித்து வைத்திருந்தார்கள். 6.0 வந்ததும் இரண்டாவது எண் பூஜ்யம் ஆகிவிட, புத்தம்புதிய இயங்குதளத்தைப் பார்த்து 'நீ மிகப் பழசு' என்று அந்த நிரல்கள் ஓட மறுத்தன. இப்படிப்பட்ட நிரல்களுக்கு இடைஞ்சல் தரக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் அடுத்ததற்கு 6.1 என்றே எண் வைத்தது. விண்டோஸ் 8.1 வந்தபோது ஒரு படி மேலே போனார்கள்: 8.1-ஐ அறிவேன் என்று தன் கோப்பில் அறிவிக்காத நிரல் பழைய முறையில் பதிப்பைக் கேட்டால், 8-க்குரிய 6.2 என்ற எண்ணையே இயங்குதளம் தரும். விண்டோஸ் 11-உம் உள்ளே 10.0 தான்; பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேலே இருப்பதை வைத்துத்தான் அதை 10-இலிருந்து பிரித்தறிய வேண்டும்.

மேக் கணினிகளிலும் இதே நாடகம் நடந்தது. 2020-இல் பிக் சர் 11 என்ற எண்ணோடு வந்தபோது, பழைய நிரல்களுக்கு மட்டும் 10.16 என்று பதில் சொல்லியது. லினக்ஸ் கெர்னல் 2011-இல் 2.6 வரிசையிலிருந்து 3.0-க்குத் தாவியபோது, எண் 2.6 என்று தொடங்கும் என நம்பியிருந்த நிரல்களுக்காகக் கெர்னலை 2.6 என்றே சொல்லவைக்கும் ஒரு வசதியைச் சேர்த்தார்கள். ஓப்பரா உலாவி 2009-இல் பத்தாம் பதிப்பை எட்டியது. பல வலைத்தளங்கள் ஓர் இலக்கத்தை மட்டும் படித்து, அதை ஓப்பரா 1 என்று எடுத்துக்கொண்டன. கடைசியில் ஓப்பரா தன்னை 9.80 என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கோடியில் சேர்த்துவிட்டது. மரியாடிபி தரவுத்தளத்தின் பத்தாம் வரிசை சர்வர்கள் இணைப்பு ஏற்படும்போது தங்கள் எண்ணுக்கு முன்னால் '5.5.5-' என்று ஒட்டிக்கொண்டு வந்ததும் பழைய மைஎஸ்கியூஎல் துணைச் சர்வர்கள் இரட்டை இலக்கத்தைப் படிக்கத் தடுமாறியதால்தான்.

இந்தப் பொய்களை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டவர் பதிலைச் சரியாகப் புரிந்துகொள்ள மாட்டார் என்று தெரிந்து, அவருக்குப் புரியும் பதிலைக் கொடுக்கிறது இயங்குதளம். தவறு கேட்ட விதத்தில் இருக்கிறது. பதிப்பு எண் பார்ப்பதற்குத் தசம எண் போல இருக்கும். ஆனால் புள்ளிக்கு இருபக்கமும் இருப்பவை தனித்தனி முழு எண்கள். பைத்தான் 3.9-க்குப் பிறகு 2021 அக்டோபரில் 3.10 வந்தது. அமைப்புக் கோப்புகளில் மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதியவர்களுக்கு அது தசமமாகப் படிக்கப்பட்டு 3.1 ஆகிவிட்டது. பதிப்புச் சரத்தின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்த நிரல்களுக்கும் கிடைத்தது 3.1 தான். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2022-இல் 100-ஐத் தொட்டபோது மூன்று இலக்கத்தைத் தளங்கள் தாங்குமா என்று இரு தரப்பும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க நேர்ந்தது. லினக்ஸ் கெர்னல் தன் எண்ணின் கடைசிப் பகுதிக்கு எட்டு பிட் மட்டுமே ஒதுக்கியிருந்ததால், நீண்ட காலம் பராமரிக்கப்பட்ட 4.4 வரிசை 2021-இல் 256-ஐ எட்டியபோது அந்த இடம் நிரம்பி வழிந்தது. 4.4.256 என்பது கணக்கில் 4.5.0 போலத் தெரியும் நிலை. அந்த இடத்தை 255-லேயே நிறுத்திவைத்துச் சமாளித்தார்கள்.

இனி, எண் பொய் சொல்லாமலே தவறான முடிவுக்கு நம்மைக் கொண்டுபோகும் இடத்துக்கு வரலாம். சர்வர் பராமரிப்பில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2014 ஏப்ரல் 7 அன்று, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வெளியிலிருந்து யாரும் சர்வரின் நினைவகத்தை 64 கிலோபைட் துண்டுகளாக உருவிக்கொள்ளலாம். அதில் கடவுச்சொல் வரலாம், ரகசியச் சாவியே வரலாம். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை எல்லாம் ஓட்டை, 1.0.1ஜி சரிசெய்யப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. டெபியன் 7 ஓடும் சர்வரின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முறையாக அப்டேட் செய்துவிட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் பதிப்பைக் கேட்கிறார். 1.0.1ஈ என்கிறது. அறிவிப்பின்படி பார்த்தால் ஓட்டை. மறுபடி அப்டேட் செய்கிறார். புதிதாக எதுவும் இல்லை என்று வருகிறது. மறுபடி கேட்டாலும் 1.0.1ஈ தான்.

அந்த சர்வர் உண்மையில் பத்திரமாகவே இருந்தது. டெபியன், ரெட் ஹாட் போன்ற நிலையான லினக்ஸ் விநியோகங்கள் மூல நிரலின் புதிய பதிப்புக்குத் தாவுவதில்லை. பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் பின்னோக்கி எடுத்துவந்து சேர்க்கும். நிரலின் எண் மாறாது. பேக்கேஜின் எண் மட்டும் மாறும். பேக்கேஜ் பதிவேட்டைக் கேட்டால் 1.0.1ஈ-2+டெப்7யு5 என்று வந்திருக்கும். கடைசியில் இருக்கும் அந்த 'யு5' தான் ஓட்டை அடைபட்டதற்குச் சாட்சி. ஓப்பன்எஸ்எஸ்எல்லிடமே கூட 'எப்போது கட்டப்பட்டாய்' என்று கேட்டிருந்தால், ஏப்ரல் 2014 தேதி வந்து சந்தேகத்தைத் தீர்த்திருக்கும். நிரலின் எண்ணை மட்டும் படித்து ஓட்டைப் பட்டியல் போடும் பாதுகாப்பு ஸ்கேனர்கள் இன்றும் பின்னோக்கிச் சரிசெய்யப்பட்ட சர்வர்களைச் சிவப்பில் காட்டுகின்றன. நிர்வாகிகள் ஒவ்வொரு தணிக்கையிலும் பேக்கேஜ் எண்ணைக் காட்டி விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பேக்கேஜ் மாறினாலும், முன்பே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் பழைய லைப்ரரியை நினைவகத்தில் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். வட்டில் புதுசு, ஓட்டத்தில் பழசு. சேவையை நிறுத்தித் தொடங்கும் வரை ஓட்டை திறந்தே கிடக்கும். லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை, ஓடும் நிரல்கள் பிடித்திருக்கும் கோப்புகளைக் காட்டும். அதில் அழிக்கப்பட்ட லைப்ரரி இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அதுவும் தெரியும். 'நீட்ரீஸ்டார்ட்' என்ற நிரல் இதே வேலையைத் தானாகச் செய்யும். மேசைக் கணினியிலும் இதுதான் நிலைமை. குரோம் பின்னணியில் புதிய பதிப்பை இறக்கி வைத்திருக்கும். வாரக்கணக்கில் மூடாமல் வைத்திருக்கும் ஜன்னலில் ஓடுவது பழையதுதான்.

ஒரே நிரலின் பல பிரதிகள் ஒரு கணினியில் குடியிருக்கும் சிக்கலும் இதன் உறவுதான். பிஎச்பியில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டெர்மினலில் கேட்டால் 8.2 வரும், வலைத்தளமோ 7.4-இல் ஓடிக்கொண்டிருக்கும். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பியும் வெப் சர்வருக்குப் பின்னால் ஓடும் பிஎச்பியும் வெவ்வேறு நிறுவல்கள். வலைத்தளத்தின் பதிப்பு வேண்டுமென்றால் வலைத்தளத்தின் வழியாகவே, ஒரு சிறு பக்கத்தில் 'பிஎச்பிஇன்ஃபோ'வை அழைத்துத்தான் கேட்க வேண்டும். தரவுத்தளத்திலும் அப்படியே: டெர்மினலில் மைஎஸ்கியூஎல் தரும் எண் கிளையன்டின் எண், சர்வரின் எண்ணுக்கு உள்ளே நுழைந்து வினவ வேண்டும். பைத்தானின் எஸ்கியூலைட் மாட்யூலில் ஒரு காலத்தில் இரண்டு எண்கள் அருகருகே இருந்தன. ஒன்று இணைப்பு மாட்யூலின் எண், மற்றது உண்மையான எஸ்கியூலைட்டின் எண். முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவெடுத்தவர்கள் நிறைய.

ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்திருக்கும் எண்களின் உச்சம் 2021 டிசம்பரில் வந்த லாக்4ஜே நெருக்கடி. ஜாவா நிரல்கள் நிகழ்வுகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் சிறு லைப்ரரி அது. 2.14.1 வரையிலான பதிப்புகளில், பதிவாகும் ஒரு வரிக்குள் சில எழுத்துகளைத் திணித்தே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. 2.15.0 வந்தது, அதில் குறை தெரிந்து 2.16.0 வந்தது; பிறகு 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்தில் நான்கு. எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எங்கே என்ன பதிப்பு இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அதை யாரும் தனியாக நிறுவியிருக்கவில்லை. வாங்கிய மென்பொருளுக்குள் ஒரு ஜார் கோப்பு, அந்த ஜாருக்குள் இன்னொரு ஜார், அதற்குள் இது. ஜார் என்பது அடிப்படையில் ஒரு ஜிப் கோப்பு என்பதால் பிரித்துப் பார்க்கலாம்; உள்ளே மேவன் என்ற கட்டுமானக் கருவி விட்டுச் சென்ற சின்னக் கோப்பில் 'வெர்ஷன்=2.14.1' என்ற வரி இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால். எல்லா லைப்ரரிகளையும் கரைத்து ஒரே ஜாராகக் கட்டியவர்களிடம் அந்த வரியும் போயிருக்கும். அப்போது ஆபத்தான 'ஜேஎன்டிஐ லுக்கப்' கிளாஸ் உள்ளே இருக்கிறதா என்று கோப்பு கோப்பாகத் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன பாகங்கள், எந்தெந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை விற்பவரே சேர்த்துத் தர வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததற்கு இந்தத் தேடல் ஒரு பெரிய காரணம். மருந்து டப்பாவில் சேர்மானம் அச்சிடுவதைப் போன்ற இந்தப் பட்டியலுக்கு எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்ற வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. இதை விற்பவரின் கருணைக்கு விடாமல், ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்பேன்.

தமிழில் எழுதுகிற நமக்கும் இந்தப் புதைந்த எண்கள் அன்றாடம் வேலை வைக்கின்றன. 'ஶ' என்ற எழுத்து 2005-இல் யூனிகோட் 4.1-இல்தான் சேர்ந்தது. முந்திரி, காணி, மா போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் 12.0-இல் வந்தன. இவற்றில் ஒன்று கட்டமாகத் தெரிகிறது என்றால் இயங்குதளத்தின் பதிப்பு, எழுத்துருக் கோப்பின் பதிப்பு, ஆப் பயன்படுத்தும் எழுத்து வரையும் லைப்ரரியின் பதிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் குறை எங்கே என்று பிடிபடும்.

எண்ணைக் கேட்பதே கூடாத சந்தர்ப்பமும் ஒன்று வந்தது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். சந்தேகத்துக்குரிய நிரலை ஓடவிட்டு அதனிடமே பதிப்பைக் கேட்பது முறையல்ல. பேக்கேஜ் பதிவேட்டிடம்தான் கேட்க வேண்டும். டெபியன் அதைத் திரும்பப் பெற்ற விதமும் கவனிக்கத்தக்கது. பேக்கேஜ் கருவிகள் பெரிய எண்ணையே புதியதாக எடுத்துக்கொள்ளும் என்பதால், பின்னால் போக வேண்டுமென்றாலும் எண் முன்னால்தான் போக வேண்டும். அதனால் பழைய 5.4.5-ஐ '5.6.1+ரியலி5.4.5-1' என்ற எண்ணில் வெளியிட்டார்கள். அதில் 5.6.1-ஐ மட்டும் படித்துவிட்டு அலறுகிறவர் எண்ணின் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

எண் மாறாமலே நடத்தை மாறுவதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு தரவுக் கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்றாமல், எச்சரிக்கையாக ஒரு படி பின்தங்கியே இருப்போம் என்று முடிவு செய்திருந்த நிறுவனங்களும் வீழ்ந்தன. காரணம், அந்த முடிவு நிரலின் பதிப்புக்கு மட்டுமே பொருந்தியது; தரவுக் கோப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இப்போது பல ஆப்களில் அம்சங்கள் சர்வரிலிருந்தே திறந்து மூடப்படுகின்றன. இரண்டு போன்களில் எண் ஒன்றாக இருந்தும் திரை வேறாக இருப்பது இதனால்தான்.

வெளியிலிருந்து கேட்பவருக்கு எண்ணை மறைக்கும் போக்கும் வளர்ந்திருக்கிறது. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி சர்வர்களில் பதிப்பைச் சொல்லாமலிருக்க ஓர் அமைப்பு வரி போதும். ஓட்டை தேடுகிறவர் எண்ணைப் பார்க்காமலே தாக்கிப் பார்ப்பார் என்பதால் இதனால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம். உலாவிகள் மறைப்பதற்கு வேறு நியாயம் உண்டு. துல்லியமான எண்களைச் சேர்த்து வைத்தே ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், குரோம் இப்போது தன் அடையாள வரியில் முதல் எண்ணை மட்டும் சொல்லி மீதியைப் பூஜ்யங்களாக நிரப்புகிறது. விண்டோஸ் 11-ஐயும் 10.0 என்றே சொல்கிறது. அந்த வரியை நம்பி 'எங்கள் பயனர்களில் இத்தனை பேர் விண்டோஸ் 10' என்று கணக்கெடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் மனது வைத்தால் இந்தத் தேடலில் பெரும்பகுதி தேவைப்படாது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியில் 'டிஸ்கிரைப்' என்ற கட்டளை கடைசிப் பதிப்புக் குறி, அதற்குப் பின் எத்தனை மாற்றங்கள், எந்த மாற்றத்தில் நிற்கிறோம் என்று ஒரே சரமாகத் தரும். கேட்டுக்கொண்டால், பதிவு செய்யாத திருத்தம் கலந்திருந்தால் அதையும் கடைசியில் ஒட்டும். கட்டும் நேரத்தில் அந்தச் சரத்தை நிரலுக்குள் வைப்பது ஒரு வரி வேலை. இதை நன்றாகச் செய்திருக்கும் நிரலுக்கு உதாரணம் கேட்டால் நான் கர்ல் என்பேன். அதனிடம் பதிப்பைக் கேட்டால் தன் எண்ணோடு நிற்காமல், தனக்குள் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் எது, இசட்லிப் எது, எந்தெந்த நெறிமுறைகள் தெரியும் என்பதையும் சொல்லும். உபுண்டு 24.04-இல் கேட்டால் 8.5.0 என்று தொடங்கி, வெளியான தேதி 2023 டிசம்பர் 6 என்று சொல்லி, அதே வரியில் பாதுகாப்புத் திருத்தம் எந்தப் பேக்கேஜ் எண் வரை சேர்ந்திருக்கிறது என்பதையும் அச்சிடுகிறது.